ஊற்றுச் சதுப்பா, உண்ணிச்செடிச் சரிவா? பொதுப் பூந்தோட்டத்தின் சீரமைப்பு நிதியை எதில் இடுவது

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூரிலிருந்து காந்தல்லூருக்கு ஏறும் சாலையின் மேல்புறத்தில், ஏறத்தாழ ஆறு ஏக்கர் சரிவில், இம்மண்ணுக்கே உரிய காட்டுப்பூச்செடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பொதுத் தோட்டம் ஒன்று இருக்கிறது. நிலம் ஊராட்சியுடையது, பராமரிப்பு எங்களுடையது. எங்கள் என்று நான் சொல்வது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் கொத்தும் எடுத்துக்கொண்டு வரும் முப்பது பேரையும், எஸ்டேட் லயங்களிலிருந்தும் மறையூர்க் கடைத்தெருவிலிருந்தும் மலைக்குக் கீழே உடுமலையிலிருந்தும் நூறும் ஐந்நூறுமாகப் பணம் தந்து உதவுபவர்களையும் சேர்த்துத்தான். இவ்வாண்டு அவ்வாறு சேர்ந்த தொகை 2,40,000 ரூபாய். நான் இக்குழுவில் இருக்கும் ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு தொகை ஒருசேரக் கையில் இருந்ததில்லை. ஆகவே இதை எதில் இடுவது என்ற கேள்விக்கு நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்கையும் தந்தவர்கள் தோட்டத்தை நேசிப்பவர்கள்; நான்கிலும் நியாயம் இருக்கிறது. இருந்தும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது, எதையும் முடிக்காமல் விடுவதற்குச் சமம் என்று நான் கருதுவதால், அடுத்த கூட்டத்துக்கு முன் அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முன்மொழிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்சரிவில் மூன்று ஏக்கரை மூடிவிட்ட உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதரை அகற்றுவது முதலாவது. தோட்டத்தின் நடுவே ஊற்றுநீர் கசிந்து நிற்கும் சதுப்பை அரிப்பிலிருந்து காப்பது இரண்டாவது. நிழல்வலையும் தண்ணீர்த்தொட்டியும் அமைத்து நாற்றங்கால் ஒன்றைத் தொடங்குவது மூன்றாவது. செடிகளின் பெயரையும் பயனையும் கூறும் பலகைகளும் நுழைவாயில் வளைவும் வைப்பது நான்காவது.

செலவுக் கணக்கு மட்டுமே முடிவைத் தருமென்றால் இத்தனை நீளமாக எழுத வேண்டியதில்லை. தன்னார்வலர் பணத்தில் நடக்கும் வேலைக்கும் அரசுத் திட்டத்தில் நடக்கும் வேலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரசுத் திட்டத்துக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வராவிட்டாலும் கேட்பதற்கு ஓர் அலுவலகமாவது இருக்கும். எங்களுக்கு அதுவும் கிடையாது. இவ்வாண்டு மனமுவந்து தந்தவர் வீட்டில் அடுத்த ஆண்டு கல்யாணம் வரலாம், மருத்துவச் செலவு வரலாம். எனவே ஒவ்வொரு முன்மொழிவையும் பார்த்து நான் கேட்பது இரண்டு கேள்விகள்தாம். இந்த வேலையை இவ்வாண்டு செய்யாமல் விட்டால் பிறகு செய்ய முடியுமா? செய்த பின் மூன்றாம் ஆண்டில் பணம் வற்றிப்போனால் செய்ததில் எவ்வளவு எஞ்சும்? முதற்கேள்வி தள்ளிப்போட முடியாததைக் காட்டித் தருகிறது. இரண்டாவது, ஆசைப்பட்டுத் தொடங்கிப் பாதியில் கைவிடக்கூடியதைக் காட்டித் தருகிறது.

நிலத்தின் இயல்பையும் ஒரு சொல் சொல்லவேண்டும், ஏனெனில் மூணாறு பக்கத்து அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தினால் தவறு நேரும். மலையின் மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும்போது, கிழக்கே இறங்கிச் சின்னாற்றுக்குப் போனால் 500 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. எங்கள் சரிவு இரண்டுக்கும் நடுவே, மழைமறைவுப் பகுதியின் விளிம்பில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தூறலும் காற்றும்தான்; ஐப்பசி, கார்த்திகையில்தான் மண் ஊறும்படி பெய்கிறது. இந்தத் தண்ணீர் இறங்கிச் சேரும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. அது போய்ச் சேருவது அமராவதியில். ஆகவே இங்கே மாசி முதல் வைகாசி வரை உயிரோடு நிற்கிற எந்தச் செடியும், தானாக வேரூன்றி நின்றதாகவோ யாரோ நாள்தோறும் தண்ணீர் ஊற்றியதாகவோதான் இருக்க முடியும்.

முதலில் உண்ணிச்செடி. மலையாளத்தார் கொங்கிணி என்றும் அரிப்பூ என்றும் சொல்லும் இச்செடி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அழகுக்காக வந்தது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த அதன் பூக்கொத்தைப் பார்த்து, "இதுவும் காட்டுப்பூதானே, இதை ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று கேட்காத பார்வையாளர் குறைவு. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டர், அதாவது 40 விழுக்காட்டுக்கும் மேல், இச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆடுமாடுகள் இதை ஒதுக்குகின்றன. பசிக்குத் தின்றால் ஈரல் கெடுகிறது. கருநீலப் பழங்களைக் கொண்டைக்குருவிகள் விரும்பித் தின்று, உட்காரும் மரத்துக்கெல்லாம் விதையைக் கொண்டுபோகின்றன. மேலே வெட்டினால் அடித்தண்டிலிருந்து நான்கு மடங்காகத் துளிர்க்கிறது. தீ வைத்தால் அதற்குப் பிறகு இன்னும் அடர்த்தியாக வருகிறது.

எங்கள் மேல்சரிவில் இதன் விளைவு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பத்தாண்டுகளுக்கு முன் அங்கே தைலப்புல் இடுப்பளவு நின்றதையும், அந்தப் புல்லைப் பற்றிக்கொண்டே செங்காந்தள் ஏறியதையும் பார்த்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகிறது; பற்றிக்கொள்ள ஒரு புல்தாளோ குச்சியோ இருந்தால் போதும், தலைக்கு மேல் வெளிச்சமும் இருந்தால் ஆவணியில் பூத்துவிடும். உண்ணிச்செடிப் புதருக்குள் பற்றுவதற்குக் குச்சிக்குக் குறைவில்லை, வெளிச்சம்தான் இல்லை. சென்ற ஆண்டு ஒரு புதரை விலக்கிப் பார்த்தபோது, விரல்நீளத்துக்கு வெளிறிய காந்தள் தண்டு ஒன்று, மூன்று இலையோடு நின்றுபோய் இருந்தது. கிழங்கு உள்ளே உயிரோடுதான் இருந்தது. பக்கத்தில் நிலப்பனையின் மடித்த இலைகளும் இருந்தன. இதைப் பார்த்த பிறகுதான், மேல்சரிவில் புதிதாக எதையும் நடவேண்டியதில்லை, மூடியிருப்பதை எடுத்தால் போதும் என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

எடுப்பதற்குச் சரியான முறை உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டலில் உருவான முறை அது: மண்மட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் தலைவேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர்ப்பகுதி மண்ணைத் தொடாமல் வெயிலில் காய்வதால் மறுபடி துளிர்ப்பதில்லை. மண்ணும் பெரிதாகக் கிளறப்படுவதில்லை. பொக்லைன் கொண்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். கிளறிய மண்ணில் முதலில் முளைப்பது புதைந்து கிடந்த உண்ணிச்செடி விதைதான். அதற்கு அடுத்தது, இப்பக்கத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று எல்லோரும் அழைக்கும் களைச்செடி. ஆளே இறங்கிச் செய்யவேண்டும். அதுவும் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பழம் பழுப்பதற்கு முன்.

செலவின் பெரும்பகுதி பிடுங்கும் நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்திருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அரை ஏக்கரைச் சுத்தம் செய்து, படம் எடுத்து, பணம் தந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். மறு ஆண்டு வேறு வேலையில் இறங்கினோம். அடுத்த ஆவணியில் கூலிக்கு வந்திருந்த அக்கா ஒருவர், இடுப்பில் கைவைத்து நின்று சரிவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது முந்தா வருசம் நாங்க புடுங்குன எடந்தானே?" என்று கேட்டார். அந்த இடமேதான். மரத்தடிகளில், பறவை எச்சம் விழும் வட்டம் முழுவதும், முழங்கால் உயரத்துக்கு நாற்றாக முளைத்திருந்தது. முதலாண்டில் ஏக்கருக்கு 45 ஆள்நாள் பிடித்தால், இரண்டாம் ஆண்டில் 15, மூன்றாம் ஆண்டில் 8 என்று மறுகளையெடுப்பைத் தொடர்ந்தால்தான் புல் எழுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அப்போது கிடைத்த பாடத்திலிருந்து நாங்கள் போட்ட கணக்கு. ஆக, ஓர் ஏக்கருக்கு 68 ஆள்நாள். நாள்கூலி 700 ரூபாய் என்றால் 47,600 ரூபாய். மூன்று ஏக்கருக்கும் 1,42,800 ரூபாய் ஆகும். முன்மொழிவில் முதலாண்டுச் செலவு மட்டுமே, 94,500 ரூபாய் என்று குறிக்கப்பட்டிருப்பது திருத்தப்பட வேண்டிய பிழை.

பிடுங்கிய தண்டை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் வந்தது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டால் செய்த முழு அளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் வைக்கப்பட்டு உலகின் கவனத்தைப் பெற்றன. மேசை நாற்காலி செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமை பெரிது. ஆனால் அதற்கு நேரான, தடித்த தண்டு வேண்டும், அவிக்கக் கொப்பரை வேண்டும், பழகிய கை வேண்டும். எங்கள் சரிவில் இருப்பது விரல்தடிமன் கொண்ட முறுக்குத் தண்டு. அதைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு வைத்தால் மண் இறங்காமல் தடுக்கும். அந்தப் பயனே எங்களுக்குப் போதும். அதே காரணத்தால் மூன்று ஏக்கரையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்கக் கூடாது என்றும் சொல்வேன். குறுக்குப் பட்டைகளாக எடுத்து, ஒரு பட்டையில் புல் எழுந்த பின் அடுத்ததற்குப் போவதே சரிவுக்கும், அந்தப் புதரில் கூடுகட்டும் குருவிகளுக்கும் நல்லது.

இனிச் சதுப்பு. பரப்பில் அது கால் ஏக்கர்கூட இல்லை. பாறையிடுக்கிலிருந்து கசியும் நீர் கறுத்த மண்ணில் பரவி நிற்கும் இடம். கோடையிலும் கால்வைத்தால் சில்லென்று இருக்கும். எங்கள் தோட்டத்தில் வேறெங்கும் இல்லாத செடிகள் இங்கேதான் இருக்கின்றன. அழுகண்ணியைக் குனிந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும். காலணாக் காசளவு தரையோடு படிந்த செம்பச்சை இலைவட்டம். ஒவ்வோர் இலையிலும் நுனியில் துளி ஏந்திய மயிர்கள். காலை ஒன்பது மணி வெயிலில் பனித்துளி எல்லாம் உலர்ந்த பிறகும் அந்தத் துளிகள் உலர்வதில்லை, ஏனெனில் அது பனியல்ல, பசை. சிற்றெறும்பு ஒன்று அதில் கால்வைத்துவிட்டால் இழுக்க இழுக்க இன்னும் இரண்டு மயிர் அதன்மேல் சாய்கிறது. மண்ணில் சத்து மிகக் குறைவாக இருப்பதால்தான் இச்செடி பூச்சியை நாடுகிறது. அதாவது இந்த இடத்துக்கு உரமிடுவதோ வளமான மண்ணைக் கொட்டுவதோ அதற்குச் செய்யும் கேடு. அதற்குப் பக்கத்திலேயே, மலையாளிகள் ஓணத்துப் பூக்களத்துக்குப் பறிக்கும் காக்கப்பூ நீலமாகப் படர்கிறது. அதுவும் வேரடியிலுள்ள நுண்பைகளில் நீர்நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும் செடி. ஓரங்களில் காட்டுக் காசித்தும்பைகள்.

2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டமெங்கும் மலை சரிந்த அந்தப் பெருமழையில் எங்கள் சதுப்பு பிழைத்தது. இப்போது அதற்குக் கேடு செய்வது, நாங்களே போட்ட நடைபாதை. சதுப்பின் கீழ்விளிம்பை ஒட்டிப் பார்வையாளர் நடந்து நடந்து பாதை வாய்க்காலாகப் பள்ளமாயிற்று. மழைநீர் அதில் ஓடித் தரையை அறுத்தது. அறுத்த பள்ளம் ஒவ்வொரு மழைக்கும் சதுப்பை நோக்கிப் பின்னேறுகிறது. பள்ளத்தின் தலைப்பில் சென்ற புரட்டாசியில் மூங்கில் முளை ஒன்றை அடித்து வைத்தேன். மார்கழியில் அளந்தபோது விளிம்பு அந்த முளையைத் தாண்டி இரண்டே கால் அடி மேலே போயிருந்தது. முளை பள்ளத்துக்குள் சாய்ந்து கிடந்தது. பள்ளம் முழங்காலளவு ஆழம். அது சதுப்பின் கறுத்த மண்ணைத் தொட்டுவிட்டால், நீர் பரவி நிற்பதற்குப் பதிலாக அந்த வழியே இறங்கி ஓடிவிடும். நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால் போதும், அழுகண்ணியின் வேர் எட்டாது. உலர்ந்த இடத்தில் முதலில் புல்லும், பிறகு கம்யூனிஸ்ட் பச்சையும் ஏறும். உண்ணிச்செடிச் சரிவை அடுத்த ஆண்டு எடுத்தாலும் காந்தள் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். வடிந்துபோன சதுப்பை அடுத்த ஆண்டு எவ்வளவு பணம் கொடுத்தும் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தக் கறுப்பு மண் சேர எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கிறது.

சதுப்பைக் காப்பதற்கும் இரண்டு வழிகள் கூறப்பட்டுள்ளன. ஒப்பந்தக்காரர் ஒருவர் சிமென்ட் தடுப்புச்சுவர் எழுப்ப 1,85,000 ரூபாய் கேட்டிருக்கிறார். சுவர் உறுதியாகத் தெரியும். பணம் தந்தவர்களுக்குக் காட்டவும் எளிது. ஆனால் கசியும் நீரைச் சுவர் கொண்டு மறித்தால் அது அடியில் புகுந்தோ பக்கவாட்டில் சுற்றியோ புதுவழி அறுக்கும், அல்லது மேலே குளமாகத் தேங்கித் தரையோடு படிந்த செடிகளை மூழ்கடிக்கும். இரண்டாவது வழி, காந்தல்லூர்ச் சரிவெங்கும் விவசாயிகள் தலைமுறைகளாகச் செய்துவரும் கையாலை முறை. சாந்து இல்லாமல் கல்லுக்குக் கல் பூட்டுப்போட்டு அடுக்கிய குட்டைத் தடுப்புகளைப் பள்ளத்தில் படிப்படியாக வைத்தால், ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னும் வண்டல் நிரம்பிப் பள்ளம் தானாக மேலேறும். நீர் கல்லிடுக்கில் கசிந்து போகும், உருண்டோடாது. கையாலை கட்டும் பெரியவர் ஒருவர் பள்ளத்தில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, கல் தூக்கும் ஆட்களோடு 60 ஆள்நாள் என்றார். ஆள் ஒன்றுக்கு 900 ரூபாய் வீதம் 54,000. கல்லுக்கும் வண்டிக்கும் 22,000. ஒரு கல் பெயர்ந்தால் நாங்களே ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துவிடலாம் என்பது கணக்கில் வராத பெரிய நன்மை. சிமென்ட் சுவர் பிளந்தால் மறுபடி ஒப்பந்தக்காரரிடம்தான் போகவேண்டும்.

கூடவே பாதையையும் மாற்றியாக வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு விளைவுக்கு மட்டும் கல் அடுக்கிப் பயனில்லை. சதுப்பின் மேல் மரப்பலகை நடைபாதை அமைத்தால் 60,000 ரூபாய் ஆகும், பார்வையாளர் செடிகளை அருகிலிருந்து பார்க்கலாம் என்று ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துக் காட்டுப்பூந்தோட்டத்தின் உதாரணத்தையும் அவர் காட்டியிருந்தார். எலோயிஸ் பட்லர் என்ற பள்ளி ஆசிரியையின் முயற்சியால் 1907இல் தொடங்கப்பட்ட அந்தப் பொதுத் தோட்டத்துக்கு 1952 முதல் நண்பர்கள் அமைப்பு ஒன்று துணைநிற்கிறது; அங்குள்ள சதுப்பு நிலத்தில் மரநடைபாதை அமைக்க அவர்கள் பணம் தந்திருக்கிறார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் அதே தோட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. ஐரோப்பாவிலிருந்து போய் அங்கே பரவிய பக்தார்ன் புதரையும் பூண்டுக்கடுகுச் செடியையும் அந்நகரத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் சளைக்காமல் பிடுங்கி வருகிறார்கள். பக்தார்ன் பழத்தையும் பறவைகளே பரப்புகின்றன. பூண்டுக்கடுகின் விதையும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கிறது. எங்கள் உண்ணிச்செடிக்கும் அவற்றுக்கும் குணத்தில் வேறுபாடில்லை. நடைபாதை கட்டுமளவு வலுப்பெற்ற அமைப்பே அந்த ஓயாத வேலையை விட்டுவிடவில்லை என்பதைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டும். நம்முடைய கால் ஏக்கருக்கு இப்போதைக்குப் பலகை வேண்டாம். பாதையைச் சதுப்புக்கு மேலே பாறையோரமாகத் திருப்பிவிட 10 ஆள்நாள், 7,000 ரூபாய் போதும். அங்கிருந்து பார்த்தால் சதுப்பு முழுவதும் கண்ணில் படும். அழுகண்ணியைக் குனிந்து பார்க்க விரும்புபவர்களை எங்களில் ஒருவர் அழைத்துப்போகலாம்.

நாற்றங்கால் முன்மொழிவுக்கு உறுப்பினரிடையே ஆதரவு அதிகம் என்பதை அறிவேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், நாற்றை விற்கலாம், தோட்டம் வளர்கிறது என்ற உணர்வு வரும். இவை உண்மையே. இருந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிறிய அளவில் இதையே செய்து பார்த்ததை மறைக்கக்கூடாது. நிழல்வலைக்கு அடியில் 800 பைகள் வைத்தோம். பங்குனியில் மோட்டார் பழுதாயிற்று. அந்த வாரம் முறைக்கு வரவேண்டியவர் ஊரில் இல்லை; அடுத்த முறைக்காரர் நானே, எனக்கு அது தெரியவில்லை. ஒன்பதாவது நாள் போனபோது பைகளில் மண் சுருங்கிப் பிளாஸ்டிக்கை விட்டு விலகி நின்றது. விரலை விட்டால் அடிவரை இறங்கியது. மிஞ்சியவை 60 நாற்று. மழைமறைவுச் சரிவில் நாற்றங்கால் என்றால் நாள்தோறும் ஓர் ஆள் வேண்டும். மாதம் 8,000 வீதம் ஆண்டுக்கு 96,000 ரூபாய் சம்பளம், அமைக்கும் செலவு 1,20,000. முதலாண்டிலேயே 2,16,000 போய்விடும். இரண்டாம் ஆண்டு சம்பளத்துக்குக் கையில் இருப்பது 24,000.

நாற்றை வெளியிலிருந்து வாங்கலாமே என்பார்கள். காந்தளுக்கு அது மிக எளிது. மலைக்குக் கீழே தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பந்தலிட்டுப் பயிரிடுகிறார்கள்; கிழங்கு எடையிட்டுக் கிடைக்கும். ஆனால் அது பயிராகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. தண்ணீரும் பந்தலும் பழகியது. இந்தச் சரிவிலேயே தலைமுறைகளாக வெயிலையும் காற்றையும் தாங்கி வந்த கிழங்கு உண்ணிச்செடிக்கு அடியில் உயிரோடு கிடக்கும்போது, வெளியூர்க் கிழங்கைக் கொண்டுவந்து கலப்பது இத்தோட்டம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அதற்கே முரணாகும். நீலக்குறிஞ்சிக்கும் இதே கருத்துதான். 2018இல் பூத்தது 2030இல் பூக்கும். அதற்குள் குறிஞ்சி நாற்று விட்டுச் சரிவை நீலமாக்கிவிடலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் சரிவு அது இயல்பாக வளரும் உயரத்தின் கீழெல்லையில் இருக்கிறது. வட்டவடையிலும் இரவிகுளத்திலும் அது தானாகவே நிற்கிறது, அங்கே போய்ப் பார்க்கலாம்.

பலகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்று 4,500 ரூபாய் வீதம் 12 பலகைக்கு 54,000. வளைவுக்குத் தனியாக ஓர் அன்பர் பணம் தர முன்வந்து, தம் தந்தையார் பெயரை அதில் பொறிக்கக் கேட்டிருக்கிறார். அவருடைய பற்றை மதிக்கிறேன். ஆயினும் குறிப்பிட்ட ஒன்றுக்கென்று கட்டித் தரப்படும் பணம், தோட்டத்தின் தேவையைத் தருபவரின் விருப்பத்துக்குப் பின்னே தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் ஊன்றக்கூடாது. தந்தையார் பெயரில் ஓர் ஏக்கரின் மூன்றாண்டுக் களையெடுப்பை அவர் ஏற்றுக்கொள்ள இசைந்தால், அந்தப் பெயரைக் கணக்குப் புத்தகத்தில் மட்டுமல்லாமல் அந்தச் சரிவின் மேல்முனையில் ஒரு கல்லிலும் எழுதலாம் என்று நானே நேரில் போய்க் கேட்கிறேன். பாதை மாறும் இடத்தில் மட்டும் நான்கு பலகைகள் இப்போதே தேவை; இல்லாவிட்டால் மக்கள் பழைய தடத்திலேயே இறங்குவார்கள். எழுத்து தமிழிலும் மலையாளத்திலும் இருக்கவேண்டும், இரண்டும் ஒரே அளவில்.

இவற்றையெல்லாம் வைத்து நான் முன்வைக்கும் பங்கீடு இது. சதுப்புக்குக் கையாலைத் தடுப்பும் பாதை மாற்றமும் சேர்த்து 83,000 ரூபாய். உண்ணிச்செடிக்கு மூன்று ஏக்கர் அல்ல, இரண்டு ஏக்கர். ஆனால் மூன்றாண்டுக் கூலியும் இப்போதே ஒதுக்கப்பட்டு, 95,200 ரூபாய். நான்கு பலகைகளுக்கு 18,000. மீதி 43,800 ரூபாயை எதிலும் இடாமல் வங்கியில் வைக்கவேண்டும். கூலி உயர்ந்தாலோ மழையில் தடுப்பு சரிந்தாலோ எடுப்பதற்கு அது மட்டும்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, குழுவில் மூவர் கையெழுத்து இல்லாமல் வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி தீர்மானம் எழுதவேண்டும் என்பதை வற்புறுத்துகிறேன். முன்பு நாங்கள் தவறியது முறையில் அல்ல, இந்த இடத்தில்தான். மூன்றாவது ஏக்கரை விடுவதில் எனக்கும் வருத்தம் உண்டு. அங்கேதான் கொண்டைக்குருவிகள் அமரும் நெல்லிமரங்கள் இருக்கின்றன. பழம் பழுக்கும் முன் அந்த மரங்களைச் சுற்றியுள்ள செடிகளின் பூங்கொத்துகளையாவது ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் நறுக்கிவிட்டால், சுத்தம் செய்த பட்டைகளில் விதை விழுவது குறையும். அதற்குப் பணம் வேண்டாம்.

நாற்றங்காலை முற்றாக நிராகரிக்கவில்லை. இரண்டு ஏக்கரில் புல் எழுந்த பின், எந்தச் செடி தானாக வரவில்லை என்று பார்த்து, அதை மட்டும், இச்சரிவின் விதையிலிருந்தே, யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் வளர்க்கலாம். எது வராது என்று தெரியாமல் முன்கூட்டியே 800 பைகள் நிரப்புவது மறுபடியும் வேண்டாம்.

கால ஒழுங்கும் முக்கியம். கல்வேலை மாசியில் தொடங்கி சித்திரைக்குள் முடியவேண்டும். அப்போதுதான் பள்ளம் உலர்ந்திருக்கும், கையாலை கட்டுபவர்களும் வயல்வேலை இல்லாமல் கிடைப்பார்கள். பாதையை அதற்கும் முன்பே திருப்பிவிட வேண்டும். களையெடுப்பை ஆடியில் தூறல் விழுந்து மண் இளகியதும் மேல்பட்டையிலிருந்து தொடங்கலாம். ஊராட்சியின் எழுத்து மூலமான ஒப்புதல் பாதை மாற்றத்துக்கு வேண்டும். விண்ணப்பத்தை இரு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன், கூட்டம் ஒப்புக்கொண்டால் மறுநாளே கொடுக்கலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு காலையில் சதுப்புக்கு வந்தால், பள்ளத்தை நேரில் காட்டுகிறேன். சாய்ந்த முளைக்குப் பதிலாகப் புதியதை விளிம்பில் அடித்திருக்கிறேன். அதிலிருந்து கறுப்பு மண் தொடங்கும் இடம்வரை நாடாவில் ஐந்தடி நான்கு அங்குலம்.